காட்டு வாத்துக்குப் பின்னால்

“‘வைல்ட் கூஸ் சேஸ்! இத்தனை வருஷமா உங்க பின்னாலே காட்டு வாத்தைத் துரத்திக்கிட்டு ஓடுதேன். ஒரு இறகுகூடக் கையிலே சிக்கல.’ இதுதானே சொன்னீங்க? ஏதாவது விட்டுப்போச்சா?”

தவமணியம்மா கேட்டாள்.

“ஒரு சொல்லும் விடல,” என்றாள் உலகம்மாள். “ஆனா நான் கத்தினேன். நீங்க பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லுதீங்க.”

“கத்தினா எனக்குத் தொண்டை வலிக்கும்.”

இருவரும் குளத்தங்கரையில் நின்றிருந்தார்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

கரைக்குக் கீழே ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட மூன்று அறை, ஒரு அடுப்படி, தண்ணீர் சரியாக வராத ஒரு குழாய். அதன் குரு தவமணியம்மா. அவளுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

சிஷ்யை உலகம்மாளுக்கு அறுபது நெருங்குகிறது. தன்னைவிடச் சின்னவளை ‘அம்மா’ என்று கூப்பிட முதலில் அவளுக்கு நாக்கு வரவில்லை. பிறகு பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும். அதுதான் தொல்லை.

இன்னொரு சிஷ்யர் நம்பிராஜன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின் படிக்கட்டிலேயே நின்று காலம் தள்ளியதால் எங்கே போனாலும் கடைசி ஆளாகத்தான் நிற்பார். அன்றும் அப்படித்தான் நின்றார். சண்டை முடியட்டும் என்று.

“காலையிலே ஒண்ணே ஒண்ணு கேட்டேன்,” என்றாள் உலகம்மாள். “காந்திமதியைப் பார்க்கப் போகட்டா, வேண்டாமா? போ, போகாதே, ரெண்டிலே ஒண்ணு. அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க? செருப்பை மாட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டீங்க.”

“நடக்கிற நேரம் வந்துட்டு.”

“நல்லா இருக்கு பதில்.”

காந்திமதி அவள் தங்கை.

அவர்களுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது உலகம்மாள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தியின் நடுவே, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சோற்றில் கைவைத்திருந்த நேரம் பார்த்து, காந்திமதி சொன்னாள்.

“நீ வீட்டிலே இருந்திருந்தா அம்மா இருந்திருப்பா.”

உலகம்மாள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். அதோடு சரி. அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

நேற்று காந்திமதியின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சொல்லி முடித்துவிட்டு, “அவ உங்களைக் கூப்பிடச் சொல்லல. நானாத்தான் சொல்லுதேன்,” என்று ஒரு வார்த்தை வேறு போட்டாள்.

அந்தக் கடைசி வார்த்தை தேவையா? சிலருக்கு உண்மையைச் சொல்லி முடித்த பிறகும் வாய் மூடாது.

“அது என்ன வாத்து?” என்று நம்பிராஜன் கேட்டார். சண்டைக்கு நடுவே நுழைந்தால் சண்டை ஆறிவிடும் என்பது பஸ்ஸில் அவர் கற்றுக்கொண்டது.

“இங்கிலீஷ்லே அப்படி ஒரு பேச்சு, அண்ணாச்சி. கைக்கு எட்டாத ஒண்ணைத் தேடி வீணா அலையிறது. எங்க கான்வென்ட்லே சிஸ்டர் போர்டிலே எழுதிப்போட்டு, வாக்கியம் அமைக்கச் சொல்லுவாங்க. தப்பா அமைச்சா ஸ்கேலாலே முட்டியிலே விழும்.”

“அதுக்கு ஏன் வாத்து?”

“ஏன்னா? காட்டு வாத்தைத் துரத்தினா பறந்துரும். பிடிபடாது. இதிலே விளங்காம இருக்க என்ன இருக்கு?”

“கோழியைத் துரத்தினாலும் லேசிலே பிடிபடாதே,” என்றார் நம்பிராஜன்.

“உங்ககிட்டே டிக்கெட் வாங்கினவங்க எல்லாம் எப்படித்தான் ஊர் போய்ச் சேர்ந்தாங்களோ!”

“அது வாத்தைத் துரத்துறது இல்லை,” என்றாள் தவமணியம்மா.

உலகம்மாள் திரும்பினாள். “பின்னே?”

“குதிரைப் பந்தயம்.”

“அம்மா. இங்கிலீஷ் படிச்சது நானா நீங்களா?”

“நீங்கதான். அகராதியும் உங்களுதுதான். பள்ளிக்கூடத்திலே பரிசா வாங்கினதுன்னு மடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தீங்களே. பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. மத்தியானத்திலே உக்காந்து பிரிச்சுப் பிரிச்சுப் படிக்கேன்.”

உலகம்மாள் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. பரிசு என்றால் கண்ணாடி பீரோவில் வைப்பதற்கு.

“அந்த ஊர்லே அந்தக் காலத்திலே ஒரு பந்தயம் உண்டாம்,” என்றாள் தவமணியம்மா. “எல்லாக் குதிரையும் சேர்ந்து கிளம்பும். கொஞ்ச தூரம்தான் அவனவன் இஷ்டம். அதுக்குள்ளே யார் முந்துறானோ, அதுக்குமேலே அவன் போறதுதான் பாதை. மேட்டிலே ஏறுவான். ஓடையிலே இறங்குவான். சும்மாவே ஒரு மரத்தைச் சுத்துவான். மத்தவன் எல்லாம் பின்னாலேயே, அவன் போன தடத்திலேயே போகணும். ரொம்பப் பிந்தினா குதிரைக்கு அடி விழும்.”

“இதிலே வாத்து எங்கே வந்துச்சு?”

“வாத்துக் கூட்டம் ஒண்ணு பின்னாலே ஒண்ணு பறக்குமில்லே? பார்க்க அப்படி இருந்துச்சுன்னு அந்தப் பேரு.”

“அந்தப் பந்தயம் எங்கே போய் முடியும்?” என்றார் நம்பிராஜன். கண்டக்டர் கேட்கவேண்டிய கேள்வி.

“முன்னாலே போறவனுக்கே தெரியாது.”

“பிறகு?”

“பிறகென்ன. பந்தயம் நின்னுபோச்சு. பேர் மட்டும் மிஞ்சிச்சு. கோணல்மாணலா ஓடுறதுக்கெல்லாம் அதையே சொன்னாங்க. அதுக்கும் பிறகு வந்தவங்க குதிரையை மறந்துட்டு, வாத்தைத் துரத்துறதுன்னு நினைச்சுக்கிட்டாங்க.”

உலகம்மாளுக்கு முகம் சுருங்கியது. “அப்போ நான் சொன்னது தப்பு.”

“இல்லை. நீங்க நினைச்சதைவிடச் சரியாச் சொல்லிட்டீங்க.”

தவமணியம்மா நடக்கத் தொடங்கினாள்.

தினமும் இதுதான் நடக்கும். தவமணியம்மா முன்னால். ஒரு மாட்டு வண்டி போகிற இடைவெளி விட்டு உலகம்மாள். அதே அளவு விட்டு நம்பிராஜன். கரையோடு மடை வரைக்கும் போவார்கள். அங்கிருந்து திரும்பிவிடுவார்கள். பேசக்கூடாது, முந்தக்கூடாது, அவள் கால் வைத்த இடத்தில் கால் வைக்க வேண்டும். இப்படியெல்லாம் தவமணியம்மா ஒருநாளும் சொன்னதில்லை. வழக்கம் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி.

தலைக்கு மேலே சத்தம் கேட்டது.

“வாத்து!” என்றார் நம்பிராஜன். வழக்கத்தை மீறிப் பேசிவிட்டோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

குளிர்காலத்துக்கு இந்தக் குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்துகள். மலையெல்லாம் தாண்டி வருகிறவை. வானத்தில் ஒரு கோணல் கோடு இழுத்த மாதிரி வந்தன.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

முன்னால் பறந்த வாத்து இறக்கையைத் தளர்த்தியது. மெல்ல ஓரமாக ஒதுங்கி, வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வந்தது முன்னால் போனது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

தவமணியம்மா கரையோரமாக ஒதுங்கி நின்றாள்.

உலகம்மாள் வழக்கம்போல் இடைவெளி விட்டு நின்றாள். நம்பிராஜனும் நின்றார்.

தவமணியம்மா உலகம்மாளைக் கடந்து, நம்பிராஜனைக் கடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

“இது என்ன புதுசா?” என்றாள் உலகம்மாள்.

தவமணியம்மா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

“கால் வலிக்கா?”

“இல்லை.”

“கோபமா?”

“இல்லை.”

“பின்னே முன்னாலே போங்க.”

தவமணியம்மா குளத்தைப் பார்த்தாள். நம்பிராஜன் தவமணியம்மாவைப் பார்த்தார். பிறகு உலகம்மாளைப் பார்த்தார். ‘ரைட்’ என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

உலகம்மாள் நடந்தாள். அவர்கள் நடந்தார்கள்.

அவள் நின்றாள். அவர்கள் நின்றார்கள்.

செருப்பில் கல் என்று அவள் குனிந்தாள். பின்னால் நம்பிராஜனும் குனிந்தார்.

“அண்ணாச்சி! உங்க செருப்பிலேயும் கல்லா?”

“இல்லம்மா. நீங்க குனிஞ்சீங்க…”

“நாளைக்கு நான் குளத்திலே விழுந்தா?”

நம்பிராஜன் குளத்தைப் பார்த்து யோசித்தார். அவர் யோசித்ததுதான் உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

விடுவிடென்று நடந்தாள். வெட்டுப்பட்ட பனைமரத்தடி வந்ததும் பாதையை விட்டு இறங்கி, அரைவட்டம் சுற்றி, மறுபடி பாதையில் ஏறினாள். நம்பிராஜனும் அச்சு மாறாமல் சுற்றி ஏறினார்.

தவமணியம்மா சுற்றவில்லை. நேராக நடந்து வந்தாள்.

“நீங்க ஏன் சுத்தல?”

“எதுக்குச் சுத்தணும்?”

“தினமும் இந்த இடத்திலே சுத்திப் போறதுதானே!”

“முன்னே ஒரு மழைக்கு இங்கே பெரிய பள்ளம் விழுந்துச்சு. சுத்திப் போனேன்.”

உலகம்மாள் தரையைப் பார்த்தாள். பள்ளம் தூர்ந்து, அதன்மேல் புல் முளைத்து, அந்தப் புல்லையும் ஆடு மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

“நான் இதைத் தியானம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்!” என்றாள். “வலப்பக்கமாச் சுத்துறோம், பிரதட்சிணம்னு. புதுசா வந்த ரெண்டு பேருக்கு விளக்கம்கூடச் சொன்னேன்!”

“கேட்டேன். நல்ல விளக்கம்.”

“பள்ளம்தான் மூடிப்போச்சே. பிறகும் ஏன் சுத்துனீங்க?”

தவமணியம்மா அந்த இடத்தைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“மூடினதும் நேராப் போகலாம்னுதான் ஒருநாள் வந்தேன். திரும்பிப் பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாலேயே கீழே இறங்கிட்டீங்க. உங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி நேராப் போறது? நானும் இறங்கிட்டேன்.”

நம்பிராஜன் சிரித்தார். உலகம்மாள் முறைத்ததும் சிரிப்பை விழுங்கினார்.

“இதுக்கா நான் வீடு வாசலை விட்டுட்டு வந்தேன்?” என்றாள் அவள். ஆனால் கத்தவில்லை.

மடை வந்தது.

உலகம்மாளின் கால்கள் தாமாகவே திரும்பின. மடையில் திரும்புவதுதானே வழக்கம். திரும்பியதும் எதிரே நம்பிராஜன். அவருக்குப் பின்னால் தவமணியம்மா. இருவரும் விலகி அவளுக்கு வழி விட்டார்கள். அவள் கடந்ததும் மறுபடி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

“மடத்துக்குப் போனா?” என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

“பின்னாலே வாரோம்.”

“அந்தப் பக்கம் போனா?”

“பின்னாலே வாரோம்.”

“ரெண்டும் ஒண்ணுதானா உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணுதான். அவ உங்க தங்கச்சி.”

மடைக்கு அப்பால் கரை வளைந்து ஒரு கிராமத்தில் போய் இறங்குகிறது. ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு மாடி. மாடியில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி. காந்திமதி வீடு.

உலகம்மாள் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

“ஒண்ணு கேட்கட்டா?” என்றாள் தவமணியம்மா.

“கேளுங்க. இன்னைக்கு எல்லாம் தலைகீழாத்தானே நடக்கு.”

“இந்த ஜில்லாவிலே மடத்துக்கா பஞ்சம்? குற்றாலத்திலே இருக்கு. பாபநாசத்திலே இருக்கு. குழாயிலே தண்ணி வர்ற மடமெல்லாம் இருக்கு. காந்திமதி வீட்டு மாடி தெரியிற மடத்துக்கு ஏன் வந்தீங்க?”

உலகம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

இப்படி அவள் வாய் மூடி நம்பிராஜன் பார்த்ததில்லை.

“போனா அவ மூஞ்சியைத் திருப்பிக்கிடுவா,” என்றாள் கடைசியில்.

“இருக்கும்.”

“பந்தியிலே சொன்னதையே மறுபடியும் சொல்லுவா.”

“சொன்னாலும் சொல்லுவா.”

“அது நிஜம்தானேன்னு நான் அழுதுட்டேன்னா?”

“அது எனக்குத் தெரியாது,” என்றாள் தவமணியம்மா.

“எதுவுமே தெரியாதா உங்களுக்கு? எல்லாம் தெரிஞ்சவங்கன்னுதானே உங்களைத் தேடி வந்தேன்!”

“அப்படி நினைச்சது உங்க தப்பு. நினைக்கட்டும்னு விட்டது என் தப்பு.”

குளத்தின் நடுவே வாத்துகள் இறங்கிவிட்டன. இனி வரிசை கிடையாது. ஒவ்வொன்றும் அதன் போக்கில் மேய்ந்துகொண்டிருந்தது.

“நீங்க ‘போ’ன்னு சொல்லியிருந்தா,” என்றாள் உலகம்மாள், “அவ மூஞ்சியைத் திருப்பினாலும், ‘எங்க மடத்து அம்மா போகச் சொன்னாங்க, வந்தேன், எனக்கொண்ணும் உன்னைப் பார்க்கணும்னு இல்ல’ன்னு சொல்லிட்டுத் திரும்பியிருப்பேன்.”

“தெரியும்.”

“போகாதேன்னு சொல்லியிருந்தா, அவ போன பிறகு, காலம் பூரா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.”

“அதுவும் தெரியும்.”

“இது மட்டும் தெரியுதாக்கும்!”

உலகம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மடையைத் தாண்டினாள்.

அந்தக் கரையில் அவள் நடந்ததே இல்லை. எங்கே மண் சரியும், எங்கே முள் கிடக்கும், எதுவும் தெரியாது. ஒரு இடத்தில் கால் வழுக்கியது. சமாளித்தாள். பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று, “பார்த்து, இங்கே வழுக்கும்,” என்றாள்.

“சரிம்மா,” என்றார் நம்பிராஜன்.

தெரு வந்தது. தெருமுனையில் ஒரு வேப்ப மரம். அங்கே எருமையைக் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். மடத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்து அவள் பார்த்ததில்லை.

நாலு வீடு தாண்டிய பிறகுதான் உலகம்மாளுக்கு முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் இல்லை என்பது உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். இருவரும் வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டிருந்தார்கள். கையைக் காட்டிக் கூப்பிட்டாள். நம்பிராஜனின் கால் ஒரு அடி எடுத்தது. தவமணியம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

போன் செய்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் கையோடு எழுந்தாள்.

“வந்துட்டீங்களா? இந்தா இருக்கிற குளத்தைத் தாண்ட இவ்வளவு நாளா?”

பதிலுக்கு நாலு வார்த்தை உலகம்மாளின் நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல வார்த்தைகள். அத்தனையையும் அங்கேயே விட்டாள்.

“இருக்காளா?”

“இருக்கா. முழிச்சுத்தான் இருக்கா. இப்போதான் கஞ்சி கொடுத்துட்டு வந்தேன். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. தள்ளினா திறந்துரும்.”

உலகம்மாள் படி ஏறினாள்.

கதவின்மேல் கை வைத்தாள். தள்ளவில்லை.

உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. படுத்திருந்தவள் வாசல் பக்கம் திரும்பியிருக்கலாம். சுவர்ப் பக்கமும் திரும்பியிருக்கலாம்.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கான்வென்டிலும் இல்லை, மடத்திலும் இல்லை.

“காந்தி,” என்றாள்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“யாரும் சொல்லி வரல. நானாத்தான் வந்தேன். உலகு வந்திருக்கேன்.”

கட்டில் சத்தம் போடவில்லை.

“‘வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுடி.”